மாண்டிஸோரி அம்மையாரும் குழந்தையின் சுயராஜ்யமும்

சுயராஜ்யம் என்பது பிறர் ஆட்சியை அகற்றுவதோடு முடிந்துவிடும் காரியம் அன்று. தன்னைத் தானே ஆளும் திறமை அதன் மறு பாதியாகும். இதை நமது தலைவர்கள் மேடைதோறும் வற்புறுத்தி வந்தார்கள்; நாமும் கேட்டுத் தலையசைத்தோம். ஆனால் அந்தத் திறமை மனிதனுக்கு எந்த வயதில், எந்த இடத்தில், எவ்விதம் உண்டாகிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்துப் பார்த்தோம்? வாக்குரிமை பெறும் வயதில் அது வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. ஆரம்பப் பாடசாலையின் திண்ணையிலும், தண்ணீர்க் குடத்தின் அருகிலும், குழந்தைகள் கூடி உண்ணும் பந்தியிலுமே அது முளை விடுகிறது. அல்லது அங்கேயே கருகிப் போகிறது.

ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மூக்கு ஒழுகியபடி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். உபாத்தியாயர் முகத்தைச் சுளித்துக் கடிந்துகொள்கிறார். மற்றப் பிள்ளைகள் நகைக்கிறார்கள். சிறுவன் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு தலை கவிழ்கிறான். சுத்தம் சோறு போடும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. சுத்தமாயிருப்பது எப்படி என்று மட்டும் அவனுக்கு ஒருவரும் செய்து காட்டவில்லை. அன்று அவன் கற்றுக்கொண்ட பாடம் சுகாதாரமா, அவமானமா? அவமானமே என்பதில் நமக்கு ஐயமில்லை.

இந்த ஐயத்தை நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பி, அதற்குச் செய்கையில் விடை கண்டவர் இத்தாலிய தேசத்து மரியா மாண்டிஸோரி அம்மையார். அவர் பெயரைக் கேளாதவர் நம் நாட்டில் குறைவு. அவர் செய்த காரியம் இன்னதென்று அறிந்தவர் அதினும் குறைவு. விலையுயர்ந்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஒரு முறை என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். அது பிறந்த இடம் ஏழைகளின் சேரி என்பதையும், அதன் முதற் பாடங்கள் கையும் முகமும் கழுவுவது, பொத்தான் போடுவது, பிறருக்கு வழி விட்டு நடப்பது ஆகியவையே என்பதையும் நேயர்களுக்கு நினைவூட்டவே இதனை எழுதுகிறோம்.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி, இத்தாலியின் கிழக்குக் கரையிலுள்ள அங்கோனா நகரத்திற்கு அருகில், கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸ்ஸாண்ட்ரோ சர்க்கார் உத்தியோகஸ்தர். பழைய கட்டுப்பாடுகளில் பற்றுள்ளவர். தாய் ரெனில்டே அக்காலத்துப் பெண்களுக்கு அரிதாயிருந்த படிப்பும் புத்தகப் பிரியமும் உடையவர். இத்தாலி பல துண்டுகளாகக் கிடந்து, அந்நியரை விலக்கி ஒரே தேசமாக ஒன்றுபட்ட காலம் அது. அவர் பிறந்த அதே 1870இல்தான் ரோமாபுரி ஐக்கிய இத்தாலியுடன் சேர்க்கப்பட்டது. புதிய தேசத்தின் புதிய ஊக்கம் அக்காலத்துக் குழந்தைகளின் உள்ளத்திலும் ஊறியிருந்தது. 1875இல் குடும்பம் ரோமாபுரியில் குடியேறியது.

பெண் என்றால் உபாத்தியாயினி ஆகலாம் என்பதே அந்நாளைய பெற்றோர்களின் அதிகபட்ச ஆசை. மரியாவோ முதலில் யந்திர நிர்மாணக் கல்வியை விரும்பினார். பின்னர் வைத்தியம் கற்பதென்று உறுதி கொண்டார். தந்தை தடுத்தார், சர்வகலாசாலையும் முகம் கொடுக்கவில்லை. முதலில் இயற்கை விஞ்ஞானம் பயின்று, அதன் வழியாகவே வைத்தியப் பிரிவில் நுழைந்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிரேதத்தை அறுத்துப் பார்ப்பது தகாது என்று கூறிவிட்டமையால், எல்லோரும் போன பிறகு, மாலை வேளையில், தன்னந்தனியாகப் பிணங்களின் நடுவே நின்று அவர் அந்தப் பாடத்தைக் கற்க வேண்டியிருந்தது. 1896ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வைத்தியப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் சில பெண் வைத்தியர்களுள் ஒருவரானார். அவ்வாண்டிலேயே பெர்லின் நகரத்தில் கூடிய மாதர் மகாநாட்டில், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என்று வாதாடினார்.

அவர் கல்வித் துறைக்கு வந்தது உபாத்தியாயர்களின் வழியாக அன்று, நோயாளிகளின் வழியாக. ரோமாபுரியின் மனநோய் வைத்தியசாலையில் பணி புரிந்த காலத்தில், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பைத்தியக்காரர் விடுதிகளில் அடைபட்டுக் கிடப்பதை அவர் கண்டார். அக்குழந்தைகளின் கைக்கு எடுத்து ஆள ஒரு பொருளும் இல்லை. கண்ணுக்குக் காண ஒரு காட்சியும் இல்லை. அவர்களுக்குத் தேவை மருந்து மட்டும் அன்று, கல்வியே என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஈதார், ஸெகன் என்ற பிரெஞ்சு வைத்தியர்கள் இருவர் அதற்கு முன் எழுதி வைத்திருந்த நூல்களை வரி விடாமல் படித்தார். 1900இல் தொடங்கப்பட்ட ஒரு விசேஷப் பாடசாலையை ஏற்று நடத்தினார். பயனற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட அக்குழந்தைகளிற் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சையிலேயே தேறினார்கள்.

ஊரார் வியந்தார்கள். அம்மையாருக்கோ வேறொரு விசாரம் பிறந்தது. குறையுள்ள குழந்தைகள் இவ்வளவு முன்னேறினால், குறையற்ற குழந்தைகள் அவர்களோடு ஒத்த அளவிலேயே நின்றுவிடக் காரணம் என்ன? குற்றம் குழந்தையிடம் இல்லை, பாடசாலையிடம்தான் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். அக்காலத்துப் பாடசாலைகளில் குழந்தைகளை அசையவொட்டாமல் பெஞ்சுகளோடு இறுக்கி உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் தாம் எழுதிய நூலில், ஊசி குத்திப் பெட்டியில் வைத்த வண்ணத்துப் பூச்சிகளுக்கு அவர்களை அம்மையார் ஒப்பிட்டார். அசையாத உடம்பில் ஆரோக்கியம் எப்படி வரும்? அசைய உரிமையில்லாத பிள்ளைக்கு அடக்கம் எப்படிப் பழகும்?

இக்காலத்தில் அவருடைய சொந்த வாழ்க்கையில் நேர்ந்த ஒரு துக்கத்தையும் நாம் மறைப்பதற்கில்லை. 1898இல் அவருக்கு ஓர் ஆண் மகவு பிறந்தது. தந்தை அவரோடு பணியாற்றிய வைத்தியர். இருவருக்கும் விவாகம் நடக்கவில்லை. உலகம் அறிந்தால் அவருடைய உத்தியோகமும் பெயரும் அன்றே அழிந்திருக்கும். குழந்தை மாரியோ நாட்டுப்புறத்துக் குடும்பமொன்றில் வளர்ந்தான். தாய் அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். தாய் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. பதினைந்து வயது அளவில்தான் மகன் தாயோடு வந்து சேர்ந்தான். அதன் பின்பும் வெகு காலம் அவர் மகன் என்று பகிரங்கமாகச் சொல்லப்படவில்லை. உலகத்துக் குழந்தைகளின் மரியாதைக்காகப் போராடியவர் தம் குழந்தையைத் தம் கையால் வளர்க்க இயலாமற் போனது, அவருடைய குற்றம் என்பதைவிட அக்காலச் சமூகத்தின் கொடுமை என்றே நாம் கொள்கிறோம்.

நிற்க. 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி, ரோமாபுரியின் ஸான் லோரென்ஸோ என்ற பகுதியில், அவருடைய பெயரை உலகறியச் செய்த காரியம் தொடங்கியது. அது கூலி வேலைக்காரர்கள் நெருக்கமாய்க் குடியிருந்த சேரி. ஒரு கட்டிடக் கம்பெனியார் அங்கிருந்த வீடுகளை வாங்கிப் பழுது பார்த்துக் குடியமர்த்தினார்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனபின், சிறு குழந்தைகள் மாடிப்படிகளில் திரிந்து சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். சுவரைக் காப்பாற்ற வேண்டுமானால் குழந்தைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதுதான் கம்பெனியாரின் கணக்கு. அந்தக் கணக்கின் பயனாகப் பிறந்ததே குழந்தைகள் இல்லம். வியாபாரியின் புத்தியிலிருந்து ஒரு தர்மம் பிறந்த கதை இது.

சுமார் ஐம்பது குழந்தைகள். மூன்று வயது முதல் ஆறு, ஏழு வயது வரை உள்ளவர்கள். அழுது சிவந்த கண்களும், மிரண்ட முகங்களும், போஷணையற்ற உடல்களுமாக அவர்கள் வந்தார்கள். இல்லத்தின் விதிகள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. தாய்மார் குழந்தையைச் சுத்தமான உடம்போடும் உடையோடும் அனுப்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை வந்து நடத்துபவரிடம் பேச வேண்டும். அவரிடமும் இல்லத்திடமும் மரியாதை காட்ட வேண்டும். இதற்குக் கட்டணம் ஒன்றும் இல்லை. இல்லத்தை நடத்துபவர் அந்தக் குடியிருப்பிலேயே வசிக்க வேண்டும் என்பதும் ஏற்பாட்டின் ஓர் அங்கம். வீட்டிலிருந்து பாடசாலையையும், பாடசாலையிலிருந்து வீட்டையும் பிரித்து வைத்துக்கொண்டு சுகாதாரத்தைக் கற்பிக்க முடியாது என்பதை அம்மையார் முதல் நாளிலேயே உணர்ந்திருந்தார்.

நாளின் தொடக்கத்தில் பாடப் புத்தகம் இல்லை. குழந்தைகள் வந்ததும் கை, நகம், கழுத்து, காது, பல், தலைமயிர் ஆகியவை சுத்தமாயிருக்கின்றனவா என்று பார்க்கப்பட்டது. பார்த்தவர் தண்டிக்கவில்லை. குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற தாழ்ந்த மேசையும், சிறிய கூஜாவும், தட்டமும், சோப்பும், துவாலையும் அங்கே இருந்தன. கையை எப்படி நனைப்பது, நகத்தின் இடுக்கை எப்படித் தேய்ப்பது, பல்லை எப்படித் துலக்குவது என்று ஒவ்வொன்றும் நிதானமாகச் செய்து காட்டப்பட்டது. பிறகு குழந்தையே செய்தது. கை சுத்தமான பின்பும் சில குழந்தைகள் திரும்பத் திரும்பக் கழுவிக் கொண்டிருந்ததை அம்மையார் கண்டார். அழுக்கைப் போக்குவது அக்குழந்தைகளின் நோக்கம் அன்று. தம் கைகள் தமக்கு வசப்படுகின்ற இன்பத்தையே அவர்கள் அனுபவித்தார்கள் என்பதை அவர் புரிந்துகொண்டார்.

உடை அணிவதற்கும் அப்படியே. சிறு மரச்சட்டங்களில் இரு துணித் துண்டுகளைப் பொருத்தி, ஒன்றில் பொத்தான், ஒன்றில் கொக்கி, ஒன்றில் நாடா என்று வைத்துக் கொடுத்தார். குழந்தை அவற்றை மாட்டியும் கழற்றியும் பழகி, பின்பு தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுக்கொண்டது. அறையைப் பெருக்குவது, மேசை நாற்காலிகளை ஓசையின்றி எடுத்து வைப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, உணவு வேளையில் தட்டுகளைப் பரப்பிச் சூப்பைச் சிந்தாமல் பரிமாறுவது எல்லாம் பாடங்களே. பீங்கான் தட்டு உடையுமே என்று அவர் அஞ்சவில்லை. உடைந்தால்தான் குழந்தை தன் கையின் பிழையைத் தானே காணும் என்பது அவர் கருத்து. குழந்தைகளின் எடையும் உயரமும் கிரமமாக அளந்து குறிக்கப்பட்டன. வைத்தியர் அல்லவா? நோய் வந்த பிறகு பார்ப்பதைவிட, வளர்ச்சியை வாரந்தோறும் பார்த்து வருவதே மேல் என்று அவர் அறிந்திருந்தார்.

இவ்விடத்தில், நாம் தொடக்கத்தில் கூறிய சிறுவனிடம் திரும்புகிறோம். ஒரு நாள் அம்மையார் மூக்குச் சிந்துவது எப்படி என்பதையே பாடமாக நடத்தினார். சற்று வேடிக்கையாகவே தொடங்கி, கைக்குட்டையைப் பலவிதமாக உபயோகித்துக் காட்டி, முடிவில் பிறர் கவனிக்காதபடி ஓசையின்றி மூக்கைச் சுத்தம் செய்யும் விதத்தையும் காட்டினார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒரு குழந்தையும் சிரிக்கவில்லை. இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் முடிந்ததும், நாடகக் கொட்டகையில் ஜனங்கள் கைதட்டுவது போல அந்தப் பிஞ்சுக் கைகள் ஆரவாரம் செய்தன. அவர் வெளியே கிளம்பியபோது குழந்தைகள் வாயில் வரையில் தொடர்ந்து வந்து நன்றி கூறினார்கள்.

ஒரு கைக்குட்டைக்கு இத்தனை நன்றி ஏன்? அம்மையார் யோசித்துக் காரணம் கண்டார். மூக்கு ஒழுகுவதற்காக அக்குழந்தைகளை எல்லோரும் ஏசியிருக்கிறார்கள். பலர் முன்னிலையில் இழிவுபடுத்தியிருக்கிறார்கள். சட்டையிலே கைக்குட்டையைக் குத்தி வைத்து அவர்கள் வெட்கத்தை ஊரறியச் செய்திருக்கிறார்கள். ஒருவராவது அமைதியாக அருகில் வந்து வழி காட்டவில்லை. அன்றுதான் ஒருவர் அவர்களை அவமதிக்காமல் கற்பித்தார். குழந்தைக்கும் மானம் உண்டு. பெரியவர்கள் எண்ணுவதைவிட அது கூர்மையானது. இந்த உண்மையே அவருடைய முறை முழுவதற்கும் அஸ்திவாரம் என்று நாம் கருதுகிறோம். சுகாதாரத்தை மானத்தின் மேல் கட்டலாம். அவமானத்தின் மேல் கட்ட முடியாது.

அறையில் மௌனத்தையும் அவர் அவ்விதமே கற்பித்தார். பேசாதே என்று அதட்டவில்லை. நான்கு மாதக் குழந்தையொன்றை ஒரு நாள் கையில் ஏந்தி வந்து, அதைப் போல அசையாமல், மூச்சின் ஓசையும் கேளாமல் இருக்க முடியுமா என்று பிள்ளைகளின் திறமையைச் சோதித்தார். சேரிப் பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர் தாமாகவே அடங்கி, ஜன்னலுக்கு வெளியிலுள்ள ஓசைகளைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பிரம்பினால் வரும் அடக்கம் பிரம்பு போனதும் போய்விடும். இந்த அடக்கம் உள்ளிருந்து வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அந்தப் பிள்ளைகளிற் சிலர், ஒருவரும் வற்புறுத்தாமலே எழுதத் தொடங்கினார்கள். உலகத்துப் பத்திரிகைகள் எழுத்தைத்தான் அதிசயமென்று பாராட்டின. கையும் உடம்பும் மனமும் வசப்பட்ட பிறகே எழுத்து வந்தது என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

1909இல் வெளிவந்த அவருடைய நூல் சில ஆண்டுகளிலேயே பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டது. 1913இல் அமெரிக்கா சென்று பிரசங்கம் செய்தார். ஸ்பெயின், ஹாலந்து, இங்கிலாந்து ஆகிய தேசங்களில் உபாத்தியாயர்களைப் பழக்கினார். 1929இல் அவருடைய சர்வதேசச் சங்கம் நிறுவப்பெற்றது.

புகழோடு சோதனையும் வந்தது. 1924 முதல் முஸோலினியின் சர்க்கார் அவருடைய பாடசாலைகளுக்கு ஆதரவு அளித்தது, அம்மையாரும் ஏற்றுக்கொண்டார். தம் முறை தாய்நாட்டில் பரவினால் போதும், ஆட்சியாளர் யாராயிருந்தால் என்ன என்று அவர் எண்ணினார் போலும். இது பிழையென்று சொல்ல நாம் தயங்கவில்லை. சர்வாதிகாரிக்கு வேண்டியது கட்டளைக்குக் காலெடுத்து வைக்கும் பிள்ளைகள். தானே யோசித்துத் தானே நடக்கும் குழந்தை அவனுக்கு எதற்கு? 1934இல் உறவு முறிந்தது. அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார். அங்கே அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அப்படியே நேர்ந்தது. 1936இல் உள்நாட்டு யுத்தம் மூண்டபோது ஸ்பெயினையும் விட்டு ஓட வேண்டியிருந்தது. குழந்தைக்குத் தானே முகம் கழுவக் கற்பிக்கும் கிழவியைக் கண்டு கொடுங்கோலர்கள் அஞ்சினார்கள் என்றால், அந்தக் கல்வியின் வல்லமைக்கு வேறு சாட்சி வேண்டுமோ?

நம் தேசத்தோடு அவருக்கு ஏற்பட்ட தொடர்பு இதற்கு முன்பே தொடங்கியது. 1931இல் வட்டமேஜை மகாநாட்டிற்காக லண்டன் சென்ற மகாத்மா காந்தி, அக்டோபர் மாதத்தில் அம்மையாரைச் சந்தித்து, அவருடைய பயிற்சிக் கலாசாலையிலும் பேசினார். உலகத்தில் உண்மையான சமாதானம் வேண்டுமானால் குழந்தைகளிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது இருவருக்கும் பொதுவான நம்பிக்கை. ஆயினும் காந்தியடிகள் ஒரு விருப்பத்தையும் அங்கே வெளியிட்டார். இத்தகைய பயிற்சி செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டுமின்றிப் பரம ஏழைகளின் குழந்தைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அது. அந்த விருப்பத்தின் கதி என்னவாயிற்று என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

1939ஆம் ஆண்டு நவம்பரில், பிரம்மஞான சங்கத்தின் தலைவராயிருந்த ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின் பேரில், அம்மையார் மாரியோவுடன் சென்னைக்கு வந்து அடையாற்றில் தங்கினார். தென்னோலைக் கொட்டகைகளின் கீழே, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வந்த சுமார் 300 பேருக்கு வகுப்பு நடத்தினார். சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாக வந்தவர். யுத்தம் அவரை நிறுத்திவிட்டது. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும், பிரிட்டிஷ் சர்க்காருக்கு இவ்விருவரும் பகை நாட்டுப் பிரஜைகள் ஆனார்கள். முஸோலினியின் நாட்டில் இருக்க முடியாமல் வெளியேறியவரை, முஸோலினியின் பிரஜை என்று காவலில் வைத்த விந்தையை என்னென்பது! மாரியோ அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அம்மையார் அடையாற்றுச் சங்கத்தின் எல்லையை விட்டு வெளியேறலாகாது என்று உத்தரவாயிற்று. அதே அகமத்நகரின் கோட்டையில்தான் 1942இல் நேருஜி, பட்டேல், ஆஸாத் முதலிய நம் தலைவர்களும் அடைக்கப்பட்டார்கள்.

அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி அம்மையாருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று ராஜப்பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது. மகனை அவரிடம் திருப்பி அனுப்புவதே தகுந்த பிறந்தநாள் பரிசு என்று தீர்மானித்திருப்பதாக அதிற் கண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளாக உலகத்தின் முன் உரைக்க முடியாதிருந்த மகன் என்னும் சொல், அந்நிய சர்க்காரின் தந்தியில் வந்து சேர்ந்தது. அடையாற்றங்கரையில் அதைப் படித்த அந்த முதிய தாயின் உள்ளம் எப்படி இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்வார்களாக.

1942 முதல் சில ஆண்டுகள் அவர் கொடைக்கானல் மலையில் வசித்தார். அதுவரையில் பெரும்பாலும் ஆறு வயதுக்குட்பட்டோரையே கவனித்தவர், அங்கே ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள ஆரம்பப் பாடசாலைப் பருவத்தை ஆராய்ந்து தம் முறையை விரிவாக்கினார். இந்தப் பருவத்துப் பிள்ளைக்கு, தன்னைச் சுத்தமாய் வைத்துக்கொள்வதோடு திருப்தி இல்லை. கூட்டம் வேண்டும், தோழர்கள் வேண்டும், நியாயம் வேண்டும். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஓயாமல் புகார் சொல்வதை நாம் கோள் என்று கடிந்து விரட்டுகிறோம். அம்மையார் அதைக் கோள் என்று எண்ணவில்லை. நன்மை எது, தீமை எது என்று நிச்சயித்துக்கொள்ளும் பொருட்டே பிள்ளை பெரியவரிடம் வருகிறது. அதை விரட்டினால் நியாயத்தைத் தேடி வந்தவனை விரட்டியது ஆகும் என்பது அவர் கண்ட உண்மை. சமூக வாழ்க்கைப் பாடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பதை உபாத்தியாயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

உடலைப் பற்றிய அறிவையும் கதையாகவே சொல்லலாம் என்றார்கள். அவர் வழிவந்த ஆரம்பப் பாடசாலைகளில், இரத்த ஓட்டத்தை ஒரு மகா நதியாக வருணித்துச் சொல்வதுண்டு. நதி ஊர்தோறும் உணவைக் கொண்டு கொடுத்துக் கழிவை எடுத்துச் செல்வது போல, உடம்பின் ஒவ்வோர் அங்கமும் மற்ற அங்கங்களுக்காக உழைக்கிறது என்று பிள்ளை அறிகிறது. தன் உடம்பும் தன் ஊரும் ஒரே தர்மத்தால் வாழ்கின்றன என்ற எண்ணம் அப்போது அதன் மனத்தில் பதிகிறது.

1946இல் ஐரோப்பா திரும்பிய அம்மையார், மறு ஆண்டே மீண்டும் நம் நாட்டிற்கு வந்தார். அவருடைய பிற்கால நூல்களுள் இரண்டு முதலில் சென்னையிலேயே அச்சாயின. கலாக்ஷேத்திரம் 1948இல் ஒன்றையும், அடையாற்றுப் பிரம்மஞானப் பிரசுராலயம் 1949இல் மற்றொன்றையும் வெளியிட்டன. சமாதானத்திற்கான நோபல் பரிசுக்கு மும்முறை அவர் பெயர் பிரேரிக்கப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி, ஹாலந்து தேசத்துக் கடற்கரையூராகிய நார்ட்விக்கில் காலமானார். அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இனி, காந்தியடிகளின் விருப்பத்திற்கு வருவோம். சேரியிலே பிறந்த முறை நம் நாட்டில் பெரும்பாலும் பணம் கட்டிப் படிக்க வல்லவர்களின் வாயிலில் போய் நின்றுவிட்டது. பெயர்ப்பலகையில் மாண்டிஸோரி என்ற சொல் இருக்குமிடமெல்லாம் அவர் முறை இருக்கிறதென்றும் சொல்வதற்கில்லை. இதற்கு அம்மையாரும் ஓரளவு பொறுப்பாளியே. தம்மிடம் பயிலாதவர் தம் முறையைக் கற்பிக்கலாகாது என்றும், குறிப்பிட்ட சாமான்களையே கையாள வேண்டும் என்றும் அவர் விதித்த கட்டுப்பாடு, ஏழைப் பாடசாலைகளுக்கு எட்டாத செலவாயிற்று. ஆனால் மூக்குச் சிந்தக் கற்பிக்க எந்தச் சாமான் வேண்டும்? ஒரு முழத் துணியும், பிள்ளையை மதிக்கும் ஓர் உபாத்தியாயரும் போதாதா?

நம் மாநிலத்தில் 1956 முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மத்தியான உணவு அளிக்கும் திட்டம் விரிந்து வளர்ந்தது. 2022இல் ஆரம்பப் பாடசாலைகளில் காலை உணவும் தொடங்கப்பட்டது. பசித்த வயிற்றுக்குச் சோறிடுவது முதற் கடமை; அதிற் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பந்தியே ஒரு பாடசாலையாகவும் ஆகலாம். உண்ணுமுன் கை கழுவும் இடத்தில் குழாய் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா? சோப்பு இருக்கிறதா? அவசரப்படுத்தாமல் கழுவ நேரம் விடப்படுகிறதா? பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குப் பரிமாறுகிறதா? சாதி பாராமல் ஒருவர் அருகில் ஒருவர் அமர்ந்து, சிந்தியதைத் தாமே துடைத்து எழுகிறார்களா? இவற்றைப் பார்த்தால், சுகாதாரம், நடத்தை, சமத்துவம் மூன்றும் அந்த அரை மணி நேரத்தில் அடங்கியிருப்பது விளங்கும்.

தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்தல் காலத்தில் ஊர் ஊராகச் செல்கிறீர்கள். பாடசாலைக் கட்டிடத்தில் கூட்டமும் நடத்துகிறீர்கள். அடுத்த முறை செல்லும்போது அங்குள்ள தண்ணீர்க் குழாயின் உயரத்தைப் பாருங்கள். கழிப்பிடத்தில் தண்ணீர் உண்டா என்று பாருங்கள். பெண் குழந்தைகளுக்குத் தனியிடமும் தாழ்ப்பாளும் உண்டா என்று விசாரியுங்கள். மூக்கு ஒழுகும் சிறுவனை உபாத்தியாயர் எந்தக் குரலில் அழைக்கிறார் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். குறையிருந்தால் சண்டை போடுங்கள். நிறைவிருந்தால் அந்த உபாத்தியாயருக்கு ஊரார் முன்னிலையில் மரியாதை செய்யுங்கள்.

கையில் அதிகாரம் வந்த ஜனங்கள் எல்லோரும் சுதந்திர ஜனங்கள் ஆகிவிடுவதில்லை. பிறர் ஏவாமல் தன் உடம்பைப் பேணவும், பிறரை இடிக்காமல் வழி நடக்கவும், தன் தட்டைத் தானே கழுவி வைக்கவும் கற்ற குழந்தை, யாருடைய அதட்டலுக்கும் அஞ்சாத பிரஜையாக வளரும். ஸான் லோரென்ஸோவின் சேரிப் பிள்ளைகள் அன்று தட்டிய கைகள் கைக்குட்டைக்காகத் தட்டியவை அல்ல. தங்களை மனிதராக மதித்தவருக்காகத் தட்டியவை. நம் ஊர்ப் பாடசாலைகளிலும் அந்த ஓசை கேட்குமாறு செய்வதே, அடையாற்றில் வாழ்ந்து சென்ற அம்மையாருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதையாகும்.